பலகையும் ஓர் உறுப்பு

காரைக்கால் நகரை ஒட்டிய மீனவ ஊர் கிளிஞ்சல்மேடு. அங்கே ஒருவர் தன் விசைப்படகுக்கு ஒரு சிறு எச்சரிக்கைக் கருவி செய்வதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் அறையின் அடியில் தண்ணீர் கசிந்து தேங்கினால் அது சத்தம் போட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. இதற்குக் கம்ப்யூட்டர் மூளை எதுவும் வேண்டாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஓர் எல்இடி, ஒரு பஸ்ஸர், இரண்டு ரெசிஸ்டர்கள், எவர்சில்வர் கம்பி இரண்டு துண்டு ஆகியவை போதும். ஒரு கம்பி பேட்டரியின் பிளஸ் முனையில். இன்னொன்று 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ் காலில். கம்பிகளுக்கு இடையே கடல்நீர் ஏறியதும் அதன் வழியாகப் பேஸுக்குச் சிறிது மின்னோட்டம் போகும். டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்கு பெருக்கும். எல்இடி எரியும், பஸ்ஸர் கத்தும்.

மேசைமேல் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை வைத்துச் சோதித்தால் முதல் முயற்சியிலேயே வேலை செய்யும் சுற்று இது. பிறகு அதை ஒரு டாட் போர்டில் (துளைகளைச் சுற்றிச் செம்பு வளையங்கள் உள்ள பலகையில்) சால்டர் செய்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் படகில் மாட்டுகிறார். ஆடி, ஆவணி வரை தொந்தரவு இல்லை. ஐப்பசி பிறந்து மழையும் ஈரக்காற்றும் தொடங்கியதும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத நேரத்தில் எல்இடி மங்கலாக எரிகிறது, பஸ்ஸர் முனகுகிறது. டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்க்கிறார். பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார். முனகல் நிற்கவில்லை.

குற்றவாளி பலகைதான். மின்சுற்று வரைபடத்தில் பலகைக்கு என்று குறியீடு கிடையாது. ரெசிஸ்டருக்கு உண்டு, கெப்பாசிட்டருக்கு உண்டு, பேட்டரிக்கும் உண்டு. பலகை வெறும் இடம் என்று எண்ணி அதை வரையாமல் விட்டுவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு பலகையும் சுற்றுக்குள் நாம் கேட்காமலே சில ரெசிஸ்டர்களையும் சில கெப்பாசிட்டர்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரின் மேசையில் அவை பொருட்படுத்தத் தக்கவை அல்ல. கடலோரத்தில் கதை வேறு.

அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்துக் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளைக் காற்றில் வீசுகின்றன. கரையிலிருந்து உள்ளே போகப்போக அவற்றின் அளவு வேகமாகக் குறைகிறது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வயற்காட்டு ஊருக்கும் மணலை ஒட்டிய மீனவர் தெருவுக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. கடலிலிருந்து கொண்டல் வீசும் ஊரில் திறந்து கிடக்கும் எந்தப் பரப்பிலும் சில வாரங்களில் மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு காற்றில் உள்ள நீராவியை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். டெல்டா கடற்கரையில் மழைக்காலத்தில் இந்த எல்லையைத் தாண்டாத நாளைத்தான் தேட வேண்டும். அடுப்படியில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது எண்களைப் பார்ப்போம். டாட் போர்டில் பிளஸ் புள்ளிக்கும் பேஸ் புள்ளிக்கும் இடையே ஈர உப்புப் படலம் ஒன்று உருவாகி, அதன் மின்தடை 10 லட்சம் ஓம் என்று வையுங்கள். மல்டிமீட்டரின் பீப் ஒலிக்கு இது தெரியவே தெரியாது, இணைப்பு இல்லை என்றுதான் சொல்லும். பேட்டரியின் 9 வோல்ட்டில் டிரான்சிஸ்டருக்கு 0.6 போனால் மிச்சம் 8.4. ஆக, படலத்தின் வழியே 8.4 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது. பிசி 547 வகையின் பெருக்கம் 110 முதல் 800 வரை இருக்கலாம். 200 என்று எடுத்துக்கொண்டால் எல்இடிக்கும் பஸ்ஸருக்கும் 1.7 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. எல்இடி மங்கலாக எரிய இது தாராளம். அந்தக் கருவி கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் வந்தால் சொல் என்று அதற்குக் கட்டளை. வந்திருக்கிறது, சொல்கிறது. எந்த இரண்டு உலோகங்கள் என்பதில்தான் நமக்கும் அதற்கும் கருத்து வேறுபாடு.

இந்தக் கசிவு இன்னொரு கேட்டையும் செய்யும். ஈரமும் நேர்மின்னோட்டமும் சேர்ந்தால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து அயனிகளாக மைனஸ் பக்கம் நகரும். பழைய கருவி ஒன்றைத் திறந்து பார்த்தால், பச்சை பூத்திருக்கும் தடங்களில் பெரும்பாலானவை பிளஸ் தடங்களாக இருக்கும். நகர்ந்த உலோகம் மறுபக்கத்தில் மர வேர்போலக் கிளைத்து வளர்ந்து, ஒருநாள் இரு தடங்களையும் நேராகவே இணைத்துவிடுவதும் உண்டு.

இந்தக் கருவியைக் கடைசியில் சரிசெய்வோம். அதற்கு முன் பலகைகளின் குணம் தெரிய வேண்டும், வாங்கும் இடமும் தெரிய வேண்டும்.

பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்களின் முதல் பலகை மரம்தான். 1920-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் அட்வாட்டர் கென்ட் நிறுவனம், வால்வுகளும் சுருள்களும் வெளியே தெரியும்படி மெருகேற்றிய மரப்பலகைமேல் பொருத்திய ரேடியோக்களை விற்றது. வீட்டில் செய்தவர்கள் சமையலறையில் ரொட்டி வெட்டும் பலகையை எடுத்து, ஆணி அடித்து, ஆணிகளுக்கு இடையே கம்பி சுற்றினார்கள். பிரெட்போர்டு என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான்.

இன்று நம் கையில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பிரெட்போர்டு 1970-களின் ஆரம்பத்தில் வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ரொனால்டு போர்ச்சுகல் அதன் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒன்று. நடுவில் ஓடும் பள்ளம், ஐசி ஒன்றின் இரு வரிசைக் கால்களும் இருபுறமும் அமரும் அகலம். பின்புறத்து ஸ்டிக்கரை உரித்தால் (ஒரு பழைய போர்டையாவது உரித்துப் பாருங்கள், பார்த்தவர்களுக்கு அதன்பின் குழப்பமே வராது) ஐந்து ஐந்து துளைகளுக்குக் கீழே ஒரு நீண்ட உலோக க்ளிப் தெரியும். துணி காயப்போடும் க்ளிப்பைப் போல இரு தாடைகளும் கம்பியைக் கவ்வுகின்றன. சால்டரிங் இல்லாமல் இணைப்பு கிடைப்பதன் ரகசியம் இந்தக் கவ்வுதான். பிரெட்போர்டின் எல்லா நோய்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

கவ்வு தளர்ந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். தளர வைப்பவர் பெரும்பாலும் நாமே. சாதாரண ரெசிஸ்டரின் கால் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஒன் என் 4007 டையோடின் காலோ 0.8 மில்லிமீட்டரைத் தொடும். 7805 ரெகுலேட்டரின் காலும் அகலமானது. இவற்றை ஒருமுறை அழுத்திச் செருகிய துளையில் அடுத்து மெல்லிய கம்பி நிற்காது. இவற்றின் கால்களில் ஒரு துண்டு ஒற்றை இழைக் கம்பியைச் சால்டர் செய்து, அந்தக் கம்பியைச் செருகுவதே முறை. டெலிபோன் கேபிளைப் பிரித்தால் கிடைக்கும் கம்பி இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். மோட்டார் போன்று ஓர் ஆம்பியரைத் தொடும் எதையும் பிரெட்போர்டு வழியாக ஓட்டக் கூடாது. க்ளிப் சூடேறிப் பிளாஸ்டிக் இளகும்.

கடலோரத்தில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. க்ளிப்பின் மேல்பூச்சு மங்கி, தொடும் இடத்தில் மின்தடை ஏறும். விரலால் அழுத்தினால் வேலை செய்து, விட்டால் நின்றுபோகும் சுற்றைக் கண்டால் உறுப்புகளைச் சந்தேகிக்காதீர்கள். பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். வேலை முடிந்ததும் போர்டை மூடி இறுகும் சாப்பாட்டு டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டோடு வைத்தால் ஆயுள் நன்றாகவே நீளும்.

உப்பில்லாத ஊரிலும் தீராத குறை ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து க்ளிப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டராகிவிடுகின்றன. அதன் அளவு சில பிகோ ஃபாரட். ஐந்து என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் அது 32,000 ஓம் தடைபோல நடந்துகொள்ளும். அதனால் தொல்லை குறைவு. எஃப்எம் ரேடியோவின் 100 மெகா ஹெர்ட்ஸிலோ அதே இடைவெளி வெறும் 318 ஓம் ஆகிவிடுகிறது. எஃப்எம் அலைவெண்ணில் வேலை செய்யும் சுற்றைப் பிரெட்போர்டில் செய்துவிட்டு, கையைக் கிட்டே கொண்டுபோனாலே அலைவரிசை ஓடுகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர்களின் பிரச்சினை இதுதான். வரைபடத்தில் இருப்பதை மட்டும் அவர்கள் செய்யவில்லை. வரையப்படாத பத்துப் பதினைந்து கெப்பாசிட்டர்களையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அனலாக் சுற்றுகளில் பேர்போன பாப் பீஸ், ஜிம் வில்லியம்ஸ் போன்றவர்கள் உயர் அலைவெண் சோதனைகளுக்கு இந்த வெள்ளைப் பலகையை நாடவில்லை. முழுச் செம்புத் தகட்டைத் தரை இணைப்பாக வைத்து, ஐசியை மல்லாக்கப் போட்டு, காற்றிலேயே கால்களை இணைத்தார்கள். பார்க்க அசிங்கம். வேலையில் அதற்கு நிகரில்லை.

ஆக, பிரெட்போர்டு யோசிப்பதற்கான பலகை. சுற்று சரியா, ரெசிஸ்டர் அளவு சரியா என்று பார்த்ததும் அதன் வேலை முடிந்தது. பிரெட்போர்டையே டப்பாவுக்குள் வைத்துப் படகில் மாட்டுவது அலைக்குக் கவ்வைக் கழற்றும் வேலையைக் கொடுப்பது.

எங்கே வாங்குவது? காரைக்காலின் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொருள் என்று வரும்போது டெல்டாக்காரர்களின் கண் நெடுங்காலமாகச் சென்னை ரிச்சி தெருவின் மேல்தான். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துகளாகப் பின்னிக்கிடக்கும் சந்தை அது. இப்போது அங்கே கடை வைத்திருப்பவர்களும் இணையத்தில் விற்கிறார்கள், பொருள் கூரியரில் கிளிஞ்சல்மேட்டுக்கே வருகிறது. வசதிதான். ஆனாலும் பலகை வாங்குவதற்கு நேரில் போவதே மேல் என்பது என் கட்சி. ரெசிஸ்டரைப் படம் பார்த்து வாங்கலாம். பலகையை விரலால் தடவி, வளைத்து, ஒரு கம்பியைச் செருகிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போகும்போது ஒரு துண்டு டெலிபோன் கம்பியும் மல்டிமீட்டரும் பையில் இருக்கட்டும். பிரெட்போர்டில் நாலு மூலையிலும் நடுவிலும் கம்பியைச் செருகுங்கள். செருகும்போது மிதமான எதிர்ப்பும், தலைகீழாகப் பிடித்தால் விழாத பிடிப்பும் இருக்க வேண்டும். ஓரத்தில் ஓடும் பவர் வரிசையை மல்டிமீட்டரால் முனைக்கு முனை சோதியுங்கள். பெரிய 830 துளைப் பலகைகள் சிலவற்றில் அது பாதியில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் அதற்கு அடையாளம். தெரியாமல் பாதிப் பலகைக்கு மின்சாரமே தராமல் பொழுதைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

நிலையான சுற்றுக்கு வேண்டிய பலகையைக் கடையில் ஜெனரல் பர்பஸ் பிசிபி என்றோ, டாட் போர்டு என்றோ, ஜீரோ பிசிபி என்றோ கேட்க வேண்டும். மூன்றும் ஒன்றுதான். 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தனித்தனிச் செம்பு வளையம். செம்பு வளையத்துக்குப் பதில் நீளமான செம்புப் பட்டைகள் ஓடினால் அது வெரோ போர்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருந்த வெரோ நிறுவனத்தில் 1959-இல் உருவான யோசனை அது. வேண்டாத இடத்தில் பட்டையைத் துளைக்கருவியால் சுரண்டி வெட்டினால் போதும், கம்பி வேலை பாதி மிச்சம். நம் கடைகளில் டாட் போர்டு கிடைக்கும் அளவுக்கு அது கிடைப்பதில்லை. பிரெட்போர்டின் அதே இணைப்பமைப்பை அச்சடித்த டாட் போர்டுகளும் வருகின்றன. முதல்முறை சால்டர் செய்பவர்கள் அதை வாங்கினால், பிரெட்போர்டில் செய்ததை அப்படியே இடம் மாற்றிவிடலாம்.

கடலோரத்துக்காரர் கவனிக்க வேண்டியது பலகையின் நிறத்தை. பழுப்பாக இருப்பது காகிதத்தைப் பினாலிக் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தது. நம் மெக்கானிக்குகள் ஹைலம் என்பார்கள். விலை குறைவு, வெட்டுவதும் எளிது. ஆனால் அது காகிதம்தானே, ஈரத்தை உறிஞ்சும். சால்டரிங் அயர்ன் சில நொடி கூடுதலாக நின்றால் செம்பு வளையம் உரிந்து கையோடு வந்துவிடும். இன்னொன்று கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த கிளாஸ் எபாக்சி, எஃப்ஆர்-4 என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் பச்சையாகவோ, வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும். இது ஈரத்தைக் கிட்டத்தட்ட ஏற்பதே இல்லை, சூட்டையும் தாங்கும். செம்பு வெறுமனே பளபளக்காமல், வெள்ளி நிறத்தில் ஈயம் பூசியும், வளையங்களுக்கு இடையே பச்சை மேல்பூச்சு கொடுத்தும் இருந்தால் இன்னும் நல்லது. கறுத்துப்போன செம்புள்ள பலகையை எத்தனை தள்ளுபடி தந்தாலும் எடுக்காதீர்கள். அதில் ஈயம் ஒட்டாது, ஒட்டவைக்க நீங்கள் கூட்டும் சூட்டில் உறுப்புகள் சாகும்.

டாட் போர்டில் கைவைக்கும் முன் கட்டம்போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்துகொள்ளுங்கள். உறுப்புகள் மேல்புறம், இணைப்புகள் கீழ்ப்புறம் என்பதால் திருப்பும்போது இடம் வலமாகிவிடும். டிரான்சிஸ்டரின் கலெக்டரும் எமிட்டரும் மாறிப்போவது இந்தத் திருப்பத்தில்தான். சால்டரிங்குக்கு 25 வாட் அயர்ன் போதும். ஈயக்கம்பிக்குள்ளேயே ரோசின் ஃப்ளக்ஸ் இருக்கும். தகரவேலைக்காரர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃப்ளக்ஸைப் பலகைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது. அதன் எச்சமும் ஓர் உப்புதான். கடல் செய்ய வேண்டிய கெடுதலை நாமே முன்கூட்டிச் செய்ததாகும்.

இப்போது அந்த எச்சரிக்கைக் கருவிக்கு வருவோம். முதலில் பேஸ் காலுக்கும் மைனஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். டிரான்சிஸ்டர் விழிக்க 0.6 வோல்ட் வேண்டும். இந்த ரெசிஸ்டரின் மேல் 0.6 வோல்ட் வர 60 மைக்ரோ ஆம்பியர் தேவை. படலத்தில் கசியும் 8.4 மைக்ரோ ஆம்பியர் இதன் வழியாக மைனஸுக்கு வடிந்துவிடும். கசிவுத்தடை 1,40,000 ஓமுக்குக் கீழே இறங்கினால் ஒழியக் கருவி முனகாது. கம்பிகளுக்கு நடுவே உண்மையாகவே கடல்நீர் ஏறினால் தடை சில நூறு ஓம்தான். எனவே அப்போது தவறாமல் கத்தும். கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும் அந்த ஒரு ரெசிஸ்டர் உப்புக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கிறது.

இரண்டாவது, பலகையில் இடம் ஒதுக்கும் முறை. பிளஸ் தடத்தையும் பேஸ் தடத்தையும் அடுத்தடுத்த வரிசையில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் மைனஸோடு இணைத்த ஒரு வெறும் தடத்தை ஓட்டுங்கள். பிளஸிலிருந்து கசிவது எதுவும் பேஸை அடையும் முன் இந்தத் தடத்தில் விழுந்துவிடும். மிக நுண்ணிய மின்னோட்டங்களை அளக்கும் ஆய்வகக் கருவிகளிலும் இதே உபாயம் உண்டு. எஞ்சின் பேட்டரியோடு இதை இணைக்காமல் தனிப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். இல்லையேல் பிளஸ் கம்பி, நீரின் வழியே எஞ்சினின் இரும்போடு மின்பகுப்பு நடத்தித் தன்னையே தின்றுகொள்ளும்.

மூன்றாவது, மூடுவது. எல்லாம் சோதித்த பிறகு பலகையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அக்ரிலிக் லாக்கர் ஸ்ப்ரேயை இரண்டு பூச்சு அடியுங்கள். கழுவாமல் அடித்தால் உப்பையும் விரல் வியர்வையையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அவசரத்துக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் உதவும், நெடுநாள் தாங்காது. டப்பாவின் இடுக்குகளை அடைக்கச் சிலிக்கான் டியூப் வாங்குகிறீர்களா? மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாசனை வந்தால் அது காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும் ரகம். மூடிய டப்பாவுக்குள் அந்த ஆவி செம்பை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று அச்சிட்ட டியூப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இதே சுற்றைப் பத்துப் படகுக்குச் செய்வதாக இருந்தால் டாட் போர்டோடு போராட வேண்டாம். கிகேட் என்ற இலவச மென்பொருளில் தடங்களை வரைந்து அனுப்பினால், அச்சிட்ட பலகையாகச் செய்து தபாலில் அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு படகுக்கு என்றால் கிளாஸ் எபாக்சி டாட் போர்டில் உள்ளங்கையளவு துண்டு போதும். மாட்டிய பிறகும் வருடத்துக்கு ஒருமுறை, மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது, டப்பாவைத் திறந்து பிளஸ் தடத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் பலகையை மாற்றிவிடுங்கள், சுரண்டிச் சரிசெய்ய முயலாதீர்கள்.